சங்கத்தார் கட்டிய சுவர்

தேவஇரக்கத்துக்கு ஒரு வியாதி உண்டு. மேடையில் யாராவது பேசி நிறுத்தினால் அவனுடைய கைகள் தாமாகவே தட்டிவிடும். மூளையிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில், இன்ஸ்பெக்டர் துரை வருகிற அன்று வாத்தியார் கர்ச்சீப்பை வெளியே எடுத்தால் தட்ட வேண்டும், பைக்குள் வைத்தால் நிறுத்த வேண்டும் என்று பிள்ளைகளைப் பழக்கியிருந்தார்கள். வாத்தியார் காலமாகிவிட்டார். துரை கப்பலேறிப் போய்விட்டார். தட்டல் மட்டும் தேவஇரக்கத்தோடு ஒட்டிக்கொண்டது.

ராஜபாளையத்தில், மில்லுக்குப் பின்னால் ஓடைக்கரைக் குடிசைகளில் இருந்தவர்களுக்கு இந்த வியாதி பற்றித் தெரியாது. அவன் எட்டாவது வரை படித்தவன், ஞாயிற்றுக்கிழமை கோட்டுப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போகிறவன், ஆகவே எந்த இடத்தில் கைதட்ட வேண்டும் என்பது அவனுக்குத்தான் தெரியும் என்று நம்பினார்கள். அவன் தட்டினால் அவர்களும் தட்டினார்கள். இப்படியாக ஓடைக்கரையின் பொதுஜன அபிப்பிராயம் முழுவதும் தேவஇரக்கத்தின் இரண்டு உள்ளங்கைகளுக்குள் அடங்கியிருந்தது. அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

யுத்தம் வந்தபின் மில் இரவும் பகலும் ஓடியது. சங்கு ஊதினால் பாதி ஓடைக்கரை வெளியே போகும். பாதி உள்ளே வரும். சேத்தூர், வத்திராயிருப்பு, சுந்தரபாண்டியம் என்று சுற்றுவட்டாரமெல்லாம் வேலைக்கு வந்து இறங்கியதே தவிர, இறங்கியவர்கள் படுக்க ஊருக்குள் ஓர் அறை கிடையாது. தேவஇரக்கத்தின் குடிசையில் சேத்தூர் சோலைச்சாமியும் அவன் சம்சாரம் பெத்தம்மாளும் அவளுடைய தம்பிமார்களும் சேர்ந்து இருந்தார்கள். சோலைச்சாமி பகல் ஷிப்ட், தேவஇரக்கம் ராத்திரி ஷிப்ட். ஒருவன் எழுந்த பாயில் மற்றவன் படுப்பான். அந்தப் பாய் சூடு ஆறி யாரும் பார்த்ததில்லை.

தேவஇரக்கத்தின் மனைவி செல்லத்தாய், குறுக்கே ஒரு பழைய சேலையைக் கட்டி அதற்குப் பின்னால் படுத்து வந்தாள். அவன் மில்லில் அறுந்த நூலை முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கும்போது சேலைக்கு அந்தப்பக்கம் நான்கு ஆண்களின் குறட்டை. பிரசவத்துக்கு வத்திராயிருப்புக்குத் தாய்வீடு போனவள், பெண்பிள்ளை பிறந்து ஞானஸ்நானமும் ஆனபின் கூட்டிவரப் போன புருஷனிடம் தீர்த்துச் சொல்லிவிட்டாள்.

"சேலைக்குப் பின்னால பிள்ளைக்குப் பால் குடுக்க என்னால ஆகாது. பங்களாவா கேக்கேன்? ஒரு சுவரு. நாலு வேண்டாம், ஒண்ணே ஒண்ணு. அவிய ஒரு பக்கம், நாம ஒரு பக்கம். சுவரு வந்துட்டுன்னு சொல்லி விடுங்க, அடுத்த பஸ்ஸில வாரேன்."

தேவஇரக்கம் தனியாகத் திரும்பினான். குடிசைக்குள் கயிறு பிடித்து அளந்து பார்த்தான். சுவர் எழுப்பினால் சுவருக்கு மட்டும் இடம் இருக்கும். இரண்டு பக்கத்தாரும் வெளியே நிற்க வேண்டும்.

அப்போதுதான் சங்கத்தின் ஞாபகம் வந்தது.

'ஏழைத் தொழிலாளர் வாசஸ்தல சௌகரிய அபிவிருத்தி ஆலோசனைச் சங்கம்' என்பது அதன் பெயர். ஆபீஸ் ஸ்ரீவில்லிபுத்தூரில். சங்கத்தின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் வந்த காரியம் பாதி மறந்துவிடும் என்று பலர் சொல்லியிருக்கிறார்கள். அதன் அக்ராசனர் வக்கீல் ஸுந்தரராஜன். காரியதரிசி, பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வேதசிரோமணி. தேவஇரக்கம் தன் முத்தான கையெழுத்தில், இடநெருக்கடியால் படும் பாட்டை விவரித்து ஒரு மனுப் போட்டான். நேரில் வந்து பார்வையிடுவதாகப் பதில் வந்தது.

அங்கேதான் அவன் புத்தி வேலை செய்யத் தொடங்கியது. பெரிய மனிதர்கள் வருகிறார்கள். ஓடைக்கரை இருக்கிற லட்சணத்தில் அவர்களை எப்படி நிறுத்துவது?

கோயிலிலிருந்து ஒரு பெஞ்சு வந்தது. ஸ்டேஷனிலிருந்து பூந்தொட்டிகள் வந்தன. சாக்கடைமேல் பலகை போட்டு, பலகைமேல் பக்கத்துக் குடிசைச் சீனியம்மாள் கோலம் போட்டாள். அழுக்கு மூட்டை, சட்டி பானை எல்லாம் ஓடைக்கு அந்தக் கரைக்குப் போயின. கடைசியில் மனிதர்கள்தான் அதிகப்படியாக உறுத்தினார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேரை அய்யனார் கோவில் ஆற்றில் குளித்துவிட்டு வரும்படி தேவஇரக்கம் அனுப்பிவிட்டான். அன்று பார்த்து மில்லுக்கு வார விடுமுறை.

சோலைச்சாமி தலையைச் சொறிந்தான். "ஏலே தேவம், இடமில்லேன்னு சொல்லித்தான அவியள வரச் சொன்ன? இப்ப நீயே இடத்த உண்டாக்குதியே?"

"இடமில்லேன்னு நாம சொல்லுததக் கேக்க அவிய நிக்கதுக்கு இடம் வேண்டாமாலே?"

எட்டாவது வரை படித்தவனிடம் யார் வாயாடுவது? அவனும் துண்டை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனான்.

கார் வந்து நின்றது. வீட்டில் தெலுங்கு பேசுகிற சீனியம்மாள் பதற்றத்தில் "ரண்டி, ரண்டி" என்று வரவேற்றாள். அக்ராசனர் தேவஇரக்கத்தின் குடிசைக்குள் குனிந்து நுழைந்து, பெஞ்சைப் பார்த்தார், பூந்தொட்டியைப் பார்த்தார், கோட்டுப் போட்ட தேவஇரக்கத்தைப் பார்த்தார். வெளியே வந்து பேசினார்.

"மகாஜனங்களே! நெருக்கடி, நெருக்கடி என்று எங்கு பார்த்தாலும் கூக்குரல். நான் கண்ணால் கண்டது என்ன? ஒரு வீடு, அதில் ஒரு பெஞ்சு, ஒரு பூந்தொட்டி, ஒரே ஒரு மனிதர். என் கிருகத்திலே எனக்கு உட்கார ஒரு பெஞ்சு இல்லை. எல்லாவற்றிலும் கக்ஷிக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். நானல்லவா மனுப் போட வேண்டும்? இடம் என்பது நிலத்தில் இல்லை, மனத்தில் இருக்கிறது. இங்கே இருப்பது நெருக்கடி அல்ல, விசாலம் என்று இந்தச் சங்கம் அபிப்பிராயப்படுகிறது."

காரியதரிசி வேதசிரோமணி கழுத்து வேர்வையைத் துடைக்கக் கர்ச்சீப்பை எடுத்தார்.

தேவஇரக்கத்தின் கைகள் தட்டின. குளிக்கப் போகாமல் மிஞ்சியிருந்தவர்களும் தட்டினார்கள்.

"குடியிருப்போரின் கரகோஷத்தோடு ஏகமனதாக நிறைவேறியது" என்றார் வேதசிரோமணி. சங்கத்தின் வழக்கம் அது. எந்தத் தீர்மானமானாலும் சம்பந்தப்பட்ட ஏழைகளின் கரகோஷம் இல்லாமல் செல்லாது என்று விதி வைத்திருந்தார்கள். ஜனநாயகத்தில் அவர்களுக்கு அவ்வளவு பிடிப்பு.

ஈரத்தலையோடு திரும்பி வந்தவர்களிடம் தேவஇரக்கம் நடந்ததைச் சொன்னான்.

"நீ என்னலே செஞ்ச?" என்று கேட்டான் சோலைச்சாமி.

"தட்டினேன்."

"எதுக்கு?"

"அதான் எனக்கும் தெரியல. வீடு இல்லேன்னு மனு எழுதிக் குடுத்துட்டு, வீடு இருக்குன்னு கைதட்டுனவன் இந்தச் சீமையில என்னத் தவிர ஒருத்தன் இருப்பானாலே?"

"இருக்க மாட்டான். நீ ஒரு ஆளே எங்களுக்குத் தாராளம்" என்றான் சோலைச்சாமி.

தேவஇரக்கம் இரண்டாவது மனுவை எழுதினான். இந்தத் தடவை பெஞ்சு இல்லை, தொட்டி இல்லை, கோலம் இல்லை. ஒருவரும் ஆற்றுக்குப் போகக் கூடாது என்று பெத்தம்மாள் உத்தரவு போட்டாள். மறுபடி ஒரு விடுமுறை நாள். இரண்டு ஷிப்டுக்காரர்களும், பெண்டு பிள்ளைகளும், கிழங்களும், சட்டி பானைகளும், ஒரு நாயும் அவரவர் குடிசைக்குள் அடங்கப் பார்த்து, அடங்காமல் வழிந்து, ரோடுவரைக்கும் நின்றார்கள். காரே உள்ளே வர முடியவில்லை.

அக்ராசனர் காரின் படியில் ஏறி நின்று பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது.

"பார்த்தீரா, வேதசிரோமணி? நம்மைத் தரிசிக்க எவ்வளவு ஜனம்!"

தேவஇரக்கம் முண்டியடித்து முன்னால் போனான். "ஐயா, இவுக பாக்க வந்தவுக இல்ல ஐயா. இங்கனயே கெடக்கவுக."

வேதசிரோமணி அதை நல்ல தமிழில் எடுத்துச் சொன்னார். "நாம் வருவோம் என்று நேற்றிலிருந்தே இங்கே காத்துக் கிடக்கிறார்களாம், ஐயா."

"நேற்றிலிருந்தா! சாப்பிட்டார்களா?" என்றார் அக்ராசனர். பிறகு குரல் தழுதழுக்கப் பேசினார். எத்தனையோ எலெக்ஷன்களில் பேசியிருந்தும் இதில் பாதிக் கூட்டம் தமக்குக் கூடியதில்லை என்றார். ஒரு தடவை மழை வந்து, இருந்த பாதியும் போய்விட்டதாம். "இந்த அன்புக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்? கேளுங்கள்! என்ன செய்வேன்?"

"வீடு!" என்று பின்னாலிருந்து சோலைச்சாமி கத்தினான்.

அக்ராசனர் உணர்ச்சிவேகத்தில் இருந்தார். "கட்டுவோம்!" என்றார்.

கர்ச்சீப் வருவதற்கு முன்பே தேவஇரக்கம் தட்டிவிட்டான். வாழ்நாளில் மூளையும் சேர்ந்து கைதட்டியது அந்த ஒரு தடவைதான்.

வேலை சீக்கிரமே தொடங்கியது. ஓடைக்கரையின் ஓரமாக, மேடான புறம்போக்கில், மேஸ்திரி வந்து நூல் பிடித்தார். ஆனால் வீடு எதுவானாலும் அதைத் தர்மம் செய்தவர்களின் பெயர் தாங்கிய கல் முதலில் வேண்டும். கல் அந்தரத்தில் நிற்காது. ஆகவே சுவர் வேண்டும். இதுதான் கிரமம் என்று வேதசிரோமணி விளக்கினார்.

பெயர் பொறிக்கப் போகிறார்கள் என்ற செய்தி பரவியதும், அதுவரை ஏழைகள் இருப்பதையே அறியாதவர்களெல்லாம் அங்கத்தினர் ஆனார்கள். வத்திராயிருப்பு மிராசுதார் சேர்ந்தார். அவர் சேர்ந்தார் என்று கேள்விப்பட்டுச் சுந்தரபாண்டியத்து நெல் மில்காரர் சேர்ந்தார். சுவர் நீண்டது. யார் பெயருக்குக் கீழே யார் பெயர் வருவது என்று தகராறு வந்து, அக்ராசனர் பெயர் மட்டும் உச்சியில், மற்றவர்கள் யாரும் யாருக்கும் கீழே இல்லாதபடி பக்கத்தில் பக்கத்தில் என்று ஒப்புக்கொண்டார்கள். அதில் இன்னும் நீண்டது. மழைச் சாரல் பட்டுப் பெயர்கள் மங்கிவிடும் என்று ஒருவர் கவலைப்பட, சுவரின் உச்சியில் முன்பக்கமாக ஓடு வேய்ந்து ஒரு தாழ்வாரம் இறக்கினார்கள். ஓடைக்கரையில் முதன்முதலாக ஓட்டுக்கூரைக்குக் கீழே குடியேறியவை அந்தப் பெயர்கள்தான்.

சூளைச் செங்கல், சுண்ணாம்பு, இரட்டைக் கனம். இடித்தாலும் விழாத சுவர். அது முடிந்ததும் செங்கலும் முடிந்தது. கொத்தனார் கூலியும் முடிந்தது. சிமெண்டு, இரும்பெல்லாம் யுத்தத்துக்குப் போய்விட்டது.

"வீடு எப்பம் ஐயா?" என்று கேட்டான் தேவஇரக்கம்.

வேதசிரோமணிக்குக் கோபம் வந்தது. "நன்றி இல்லாமல் பேசாதே. ஒரு வீட்டில் பெரும்பகுதி எது? சுவர். அந்தப் பெரும்பகுதியைக் கட்டியாகிவிட்டது. மீதியிருப்பது சில்லறை வேலை."

திறப்புவிழா நடந்தது. தேவஇரக்கம் தட்டினான். அதைப் பற்றி மேலே சொல்வதற்கு ஒன்றுமில்லை.

ஐப்பசியில் மழை பிடித்தது. மலையில் பெய்த மழை ஓடையில் இறங்கி, ஒரு சாயங்காலத்தில் குடிசைகளைக் கரைத்துக்கொண்டு போனது. பாய், சட்டி, சேலைத் தடுப்பு எல்லாம் போயிற்று. கோட்டும் போயிற்று. வெள்ளம் வடிந்தபோது ஓடைக்கரையில் நின்றது மேட்டின்மேல் இருந்த சங்கத்தார் சுவர் ஒன்றுதான்.

தேவஇரக்கம் அதைச் சுற்றி வந்தான். பின்பக்கம் பெயர் இல்லை. வெறும் சுவர், வெயிலுக்கும் காற்றுக்கும் நல்ல மறைப்பு. தென்னங்கிடுகு வாங்கி, சுவரில் சாய்த்து இறக்கி, பின்பக்கம் ஒரு வீடு கட்டிக்கொண்டான். முன்பக்கம், பெயர்களுக்காகப் போட்ட ஓட்டுத் தாழ்வாரத்தை நீட்டிச் சோலைச்சாமி கிடுகு இறக்கினான். அவன் மச்சினன்மார்கள் அவனோடு. மற்றவர்கள் பழைய இடத்திலேயே சேற்றில் கம்பு ஊன்றத் தொடங்கினார்கள்.

வத்திராயிருப்புக்குச் சொல்லி அனுப்பினான்: சுவர் வந்துவிட்டது.

மறுநாள், பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடிய பஸ்ஸில், மூஞ்சியெல்லாம் கரிப்புகையோடு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு செல்லத்தாய் வந்து இறங்கினாள். சுவரைத் தட்டிப் பார்த்தாள். காதை வைத்துக் கேட்டாள். அந்தப்பக்கம் பெத்தம்மாளின் தம்பி ஒருவன் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தான், இந்தப்பக்கம் கேட்கவில்லை. அவள் முகம் தெளிந்தது. முன்பக்கம் போய்ப் பார்த்தாள்.

"யாரு பேரு இது இம்புட்டு?"

"நமக்கு வீடு கட்டிக் குடுத்தவிய."

"வீடு எங்க?"

"அது கெட்டல."

"பொறவு எதுக்குப் பேரு?"

"பேரு போட்டதுனாலதான் சுவரு" என்றான் தேவஇரக்கம். சொல்லிவிட்டு அவனே சிரித்தான். அவளும் சிரித்தாள். அன்றே உத்தரத்தில் தொட்டில் கட்டினாள்.

பெத்தம்மாளுக்கு ஒரு குறை இருந்தது. வறட்டி தட்டக் காய்ந்த இடம் இல்லை. மழைக்காலத்தில் ஓடைக்கரையிலேயே நனையாத ஒரே இடம், தாழ்வாரத்துக்கு அடியில் சங்கத்தார் பெயர்கள் இருந்த கல்தான். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆகவே யாருக்கும் பட்சபாதம் காட்டாமல் ஒரு ஓரத்திலிருந்து வரிசையாகத் தட்டிக்கொண்டு போனாள். மிராசுதார், நெல் மில்காரர், காரியதரிசி எல்லாரும் வறட்டிக்குள் மறைந்துவிட்டார்கள். அக்ராசனர் பெயர் உச்சியில் இருந்ததால் அவளுக்கு எட்டவில்லை.

செய்தி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு எட்டியது. ஓடைக்கரையில் வெள்ளம் வந்தபோது வராத சங்கம், வறட்டி வந்ததும் வந்துவிட்டது.

அக்ராசனர் சுவரைப் பார்த்தார். வேதசிரோமணி தம்முடைய பெயர் இருந்திருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தார். பகல் ஷிப்டுக்குப் போனவர்கள் போக ஓடைக்கரை முழுவதும் கூடி நின்றது. செல்லத்தாய் வாசலில் பிள்ளையோடு நின்றாள். அவள் அருகில் வந்து தேவஇரக்கத்திடம் மெல்லிய குரலில் கேட்டாள்: "என்ன சொல்லப் போறாவ?"

"நல்லதாத்தான் சொல்லுவாவ. பேசவிடு."

அக்ராசனர் தொண்டையைக் கனைத்தார்.

"மகாஜனங்களே! ஏழைகளின்மேல் இந்தச் சங்கத்துக்கு உள்ள வாஞ்சை இந்தச் சுவருக்குத் தெரியும். ஆனால் ஏழைகளே அந்தச் சுவரை மறைத்தால், ஏழைகளுக்கு உதவியவர்கள் யார் என்று ஏழைகளுக்கே எப்படித் தெரியும்? உதவி செய்தவன் பெயர் தெரியாவிட்டால் அது உதவியா? ஆகவே இரண்டு பக்கத்துக் கூரைகளையும் இன்றே அகற்றிவிட்டு, இங்கே இருப்பவர்கள், நாங்கள் முதல் தடவை வந்து கண்ட அந்த விசாலமான வீடுகளுக்கே, பெஞ்சும் பூந்தொட்டியுமாக இருந்தார்களே, அங்கேயே திரும்பிப் போய்ச் சௌக்கியமாக இருக்க வேண்டுமென்று இந்தச் சங்கம் தீர்மானிக்கிறது."

அவர் முடிக்கப் போகிறார் என்று குரலிலேயே தெரிந்தது. கூரை போனால் செல்லத்தாய் அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவாள். பிள்ளையும் அவளோடு போகும். இதெல்லாம் மூளைக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. ஆனால் கைகள் மூளையை ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை. அவை மார்புக்கு நேராக உயர ஆரம்பித்துவிட்டன. அவன் அவற்றைப் பயத்தோடு பார்த்துக்கொண்டு நின்றான்.

"இத்தப் பிடிங்க" என்றாள் செல்லத்தாய்.

அகன்றிருந்த இரண்டு கைகளுக்கும் நடுவில் பிள்ளையை வைத்துவிட்டாள்.

"ரெண்டு கையாலயும் பிடிங்க. துள்ளுத பிள்ள."

"ஏட்டி, அவிய பேசுதாவ..."

"பேசட்டும். உங்க கையப் பத்திப் பெத்தம்மாக்கா எல்லாம் சொல்லிட்டாவ. பிள்ளையக் கீழ விட்டியளோ, பொறவு இருக்கு உங்களுக்கு."

வேதசிரோமணி கர்ச்சீப்பை எடுத்தார்.

ஓடைக்கரை தேவஇரக்கத்தைப் பார்த்தது. தேவஇரக்கம் பிள்ளையைப் பார்த்தான். பிள்ளை அக்ராசனரைப் பார்த்தது. சத்தமே இல்லை. மில்லுக்குள் தறிகெட்டு ஓடுகிற இயந்திரங்களின் இரைச்சல்தான் கேட்டது.

சத்தம் வராததால் தாம் இன்னும் முடிக்கவில்லை போலிருக்கிறது என்று அக்ராசனருக்கே சந்தேகம் வந்தது. "...என்று இந்தச் சங்கம் தீர்மானிக்கிறது" என்று மறுபடி சொன்னார். வேதசிரோமணி கழுத்தைத் துடைத்தார், நெற்றியைத் துடைத்தார், கடைசியில் கர்ச்சீப்பை ரயில்வே கார்டு கொடியை ஆட்டுவதுபோல ஆட்டிப் பார்த்தார். தேவஇரக்கத்தின் உள்ளங்கைகள் பிள்ளைக்கு அடியில் கிடந்து துடித்தன. அந்தச் சமயத்தில் பிள்ளை தன் பங்குக்கு அவற்றை நனைத்து அடக்கியது.

கரகோஷம் இல்லாத தீர்மானம் செல்லாது. அது சங்கத்தார் தாங்களே போட்ட விதி. அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைப்பதாக வேதசிரோமணி அறிவித்தார். அதற்காவது யாராவது தட்டுவார்கள் என்று செத்த நேரம் பார்த்துவிட்டுக் காரில் ஏறினார்கள்.

அதற்குப் பிறகும் சங்கத்தார் வருகிறார்கள்; தீர்மானிக்கிறார்கள்; ஒத்திவைக்கிறார்கள். ரோட்டில் காரின் புழுதி தெரிந்ததும் செல்லத்தாய் தொட்டிலிலிருந்து பிள்ளையை எடுத்து, தூங்குகிற புருஷனை எழுப்பி, அவன் கையில் கொடுத்துவிடுவாள்.

பிள்ளை இப்போது தவழ்கிறது. ஒரு விடுமுறை நாளில் தேவஇரக்கம் கவலையோடு சொன்னான்:

"இவ நடக்க ஆரம்பிச்சுட்டான்னா என் கை சும்மா இருக்காதட்டி. அப்ப என்ன செய்ய?"

"அதுக்குள்ள அவிய வீடு கெட்டிக் குடுத்துருவாவ" என்றாள் செல்லத்தாய்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சிரிப்புப் பீறிட்டுக்கொண்டு வந்தது. இரட்டைக் கனச் சுவரையும் தாண்டி அது அந்தப்பக்கம் போயிருக்க வேண்டும்.

"என்னட்டி அங்க இம்புட்டுச் சிரிப்பு?" என்று பெத்தம்மாள் சுற்றிவந்து எட்டிப் பார்த்தாள்.

"வீடு கெட்டிக் குடுத்துருவாவளாம்க்கா!"

பெத்தம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்பக்கம் ஓடி அதைச் சோலைச்சாமியிடம் சொன்னாள். அவனும் அவன் மச்சினன்மார்களும் சிரித்த சிரிப்பில், நன்றாகக் காய்ந்திருந்த வறட்டி ஒன்று காரியதரிசியின் பெயரை விட்டுப் பெயர்ந்து விழுந்தது. பெத்தம்மாள் அதை அடுப்புக்கு எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் புதிதாக ஒன்று தட்டினாள்.